சுவடி காத்தலும் சுருதம் காத்தலும்

(விழா நாளில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஜேஷ்ட மாத வளர்பிறையில் வரும் பஞ்சமி திதி, சுருத பஞ்சமி எனப் போற்றப்படுகிறது. அந்நாளில் ஜினாலயங்களில் சுவடிகளைத் துடைத்துப் புதுத்துணி சுற்றிப் பீடத்தில் எழுந்தருளச் செய்து பூசனை புரிவர். தீர்த்தங்கரர் திருமொழியே நூல் வடிவில் வீற்றிருப்பதாகக் கருதி வணங்குவது தொன்று தொட்டு வரும் வழக்கம். அவ்வணக்கத்தின் நடுவே ஒரு வினாவும் எழவேண்டும். சுவடி பேழையில் இருக்கிறது. அதில் உள்ள அறிவு எங்கே இருக்கிறது? சுவடியைக் காப்பதும் சுருதத்தைக் காப்பதும் ஒன்றுதானா?

இவ்வினாவுக்கு விடை தேட, அப்பஞ்சமியின் வரலாற்றையே முதலில் நோக்குதல் தகும்.

வீரநிர்வாணத்துக்குப் பின் 683 ஆண்டுகளில் அங்கஞானம் படிப்படியாகக் குறைந்தது என்பது திகம்பர மரபு. ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்ல, மாணாக்கர் செவிவழிக் கேட்டு நெஞ்சில் நிறுத்திய அறிவு அது. கேட்டுக்கொள்வோர் குறையக் குறைய அறிவும் குறைந்தது. எஞ்சியதில் ஒரு பகுதியை அறிந்திருந்தவர் தரசேன ஆச்சாரியர். சௌராட்டிர நாட்டுக் கிரிநகரத்துச் சந்திர குகையில் தவமிருந்த அவர், தம் வாழ்நாள் முடிவு அணுகியதை உணர்ந்தார். தம்மோடு அவ்வறிவும் மறைந்துவிடுமே எனக் கவன்று, தென்னாட்டில் கூடியிருந்த முனிவர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். அங்கிருந்து இரு முனிவர் அனுப்பப்பட்டனர். அவர்களே பின்னர்ப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் பெயர்களால் அறியப்பட்டோர்.

வந்தவர்களுக்கு ஆச்சாரியர் உடனே பாடம் தொடங்கவில்லை. இருவருக்கும் ஆளுக்கொரு மந்திரம் தந்து உருவேற்றச் சொன்னார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைவு. இருவரும் நோன்பிருந்து செபித்தபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்றுக்குப் பல் வெளியே நீண்டிருந்தது. மற்றொன்று ஒற்றைக் கண்ணோடு நின்றது. தேவதையர்க்கு இத்தகைய வடிவம் இயல்பன்று என்று தெளிந்த இருவரும், பிழை மந்திரத்தில் இருக்கவேண்டும் என உணர்ந்து, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் செபித்தனர். தேவதைகள் தம் இயல்பான வடிவில் தோன்றின. நடந்ததைக் கேட்டு மகிழ்ந்த ஆச்சாரியர் அதன் பிறகே ஆகமப் பாடத்தைத் தொடங்கினார்.

கற்பித்தல் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் அரிது. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பிச் சொல்பவரைத் தரசேனர் நாடவில்லை. பிழை வந்தால் பிழையென்று கண்டு, பிறர் உதவியின்றித் திருத்தவல்லவரையே நாடினார். அத்தகையவர் கையில் சேர்ந்த அறிவே அடுத்த தலைமுறைக்குப் பழுதின்றிச் செல்லும்.

பாடம் முடிந்த பின் புஷ்பதந்தர் வனவாச நாட்டுக்கும், பூதபலி திராவிட நாட்டுக்கும் சென்றனர் என்று தவளா உரை கூறுகிறது. புஷ்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றை ஜினபாலிதருக்குக் கற்பித்து, அவரையே பூதபலியிடம் அனுப்பினார். நூலோடு அதைக் கற்றவரும் உடன் சென்றார் என்பது கருதத்தக்கது. எஞ்சியதைப் பூதபலி இயற்றி நிறைவு செய்தார். அதுவே ஷட்கண்டாகமம். அது நூல்வடிவம் பெற்றுப் பூசிக்கப்பட்ட நாளே சுருத பஞ்சமி. அப்பெருநூலை நிறைவு செய்தவர் தமிழ் வழங்கும் திசை நோக்கி வந்தவர் என்பது தமிழ்ச் சமணர் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தி.

இனி அந்நூலின் பிற்கால வரலாற்றைக் காண்போம். ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் இயற்றிய தவளா என்னும் பேருரை கி.பி. 816இல் நிறைவெய்தியது. அதன் ஓலைச்சுவடிகள் கன்னட நாட்டு மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் பேணப்பட்டன. அவற்றைப் போற்றிக் காத்தவர் செய்த தொண்டு பெரிது. அவர்கள் இல்லையேல் இன்று நூலே இல்லை. ஆயினும் அந்நெடுங்காலத்தில் சுவடி பெரிதும் தரிசனப் பொருளாகவே இருந்தது. யாத்திரிகர் தொலைவிலிருந்து கண்டு வணங்கிச் சென்றனர். அதைப் பிரித்துப் படித்துப் பொருள் சொல்வோர் அருகினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கி, 1939இல்தான் முதல் தொகுதி அச்சில் வெளிவந்தது. ஹீராலால் ஜைன் முதலிய அறிஞர் பல்லாண்டு உழைத்து 16 தொகுதிகளாக அதனை வெளியிட்டனர். சுவடி அழியாது இருந்தும், அதைக் கற்பார் தொடர் நலிந்ததால், உட்பொருளை மீட்க ஒரு தலைமுறையின் உழைப்பே தேவைப்பட்டது.

ஓலைச்சுவடியின் இயல்பை எண்ணினால் இதன் காரணம் விளங்கும். பதமான பனையோலையைத் தேர்ந்து, நரம்பு நீக்கி, ஓரளவாக நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து மெருகேற்றிய பின்னரே அது எழுதத் தகும். எழுதுவோர் ஓலையை இடக்கையில் ஏந்தி, இடக்கைப் பெருவிரலை எழுத்தாணிக்குத் தாங்கலாகக் கொடுப்பர். அழுத்தம் மிகுந்தால் ஓலை கிழியும். குறைந்தால் எழுத்துப் பதியாது. எழுதி முடித்தபின் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றோடு குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மை தங்கி எழுத்துத் தெரியும். எவ்வளவு வேகவைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பவற்றை எந்நூலும் முற்றாகச் சொல்லிவிட முடியாது. எழுதுவோர் அருகமர்ந்து, அவர் கையைப் பார்த்து, தன் கையில் சில ஓலைகளைக் கிழித்த பிறகே இளையவர் அதனைக் கற்றனர்.

படித்தலும் அத்தகையதே. பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இராது. ரகரமும் நெடிலுக்குரிய காலும் ஒன்று போலவே தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஆகவே சுவடியில் ஒரே தோற்றமுடைய எழுத்துக்களைக் கொல என்றும், கொல் என்றும், கோல என்றும், கோல் என்றும் படிக்க இடமுண்டு. கொல்லாமையைத் தலைமேற்கொண்ட சமயத்தின் நூலில் இவ்வேறுபாடு எளியதன்று. எது சரியான பாடம் என்று தீர்மானிப்பது கண்ணின் வேலை மட்டுமன்று. முன்னரே அந்நூலைக் கேட்டிருந்த செவியும், அதன் கருத்தை அறிந்திருந்த உள்ளமும் உடனிருக்க வேண்டும். ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூலாயின், வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துப் பயிற்சியும் வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பார் என்ற நம்பிக்கையிலேயே ஓலைச்சுவடி எழுதப்பட்டது.

ஓலையின் ஆயுளும் எல்லையுடையது. சில நூறு ஆண்டுகளில் அது சிதையும், பூச்சி அரிக்கும். எனவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதும் பணி ஓயாமல் நடந்தாக வேண்டியிருந்தது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை முன்னோர் சேர்த்ததன் பயன் இங்கே புலனாகும். நூலைப் படியெழுதுவித்து அளிப்பது புண்ணியம் என்றமையால், எழுதுவோர்க்குப் பணி இருந்தது. பணி இருந்தமையால் இளையோர்க்குப் பயிற்சி இருந்தது. படியெழுதும் வழக்கம் நின்றபோது, நைந்த சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டன. அவற்றுள் மறுபடி இல்லாதன எத்தனையோ!

படிக்கும் தொடர் அறாதிருந்தால் விளையும் நன்மைக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையரைப் பார்த்துச் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்று எண்ணற்ற நூல்களைக் கற்றிருந்த ஐயர், அந்நூலைக் கற்றதில்லை. கையெழுத்துப் பிரதி கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆயினும் நூலில் வரும் சமணக் கருத்துகளும் மரபுச் சொற்களும் விளங்கவில்லை. சுவடியும் உரையும் புலமையும் ஒருங்கிருந்தும் பொருள் திறக்கவில்லை என்பதை இங்கு ஊன்றி நோக்க வேண்டும்.

அப்போது அவ்வூரிலேயே சமணக் குடும்பத்தார் வாழ்கின்றனர் என்றறிந்து ஐயர் அவர்களை நாடிச் சென்றார். அவர்களுக்குச் சிந்தாமணி அரிய நூலன்று. இல்லத்தில் ஓதப்படும் நூல். அதனை முறையாகப் படித்து, படித்து முடித்ததை ஒரு விழாவாகவே கொண்டாடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. சந்திரநாத செட்டியார் என்பவர் சமணக் கோட்பாடுகளையும் நூலில் பயிலும் சொற்களின் பொருளையும் ஐயருக்கு எடுத்துரைத்தார். அவ்வறிவு செட்டியாருக்குப் பட்டத்தோடு வந்ததன்று. பெரியோரிடம் பாடங்கேட்டு வந்தது. 3145 செய்யுட்களைக் கொண்ட சிந்தாமணி, உரையுடன் 1887இல் ஐயரால் அச்சேறியது. தமிழுலகம் இழந்துவிட்டதாக எண்ணியிருக்கக்கூடிய ஒரு காப்பியம் சில இல்லங்களின் மாலைநேரப் படிப்பில் உயிரோடிருந்தது. அதன் நன்றியைத் தமது என் சரித்திரத்தில் ஐயர் மறவாது பதிவு செய்துள்ளார்.

இதனோடு ஒத்த மற்றொரு வழிவழிச் செய்தியும் உண்டு. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைப் பயின்று வேறுரை வகுத்தார் என்றும் கூறுவர். உச்சிமேற் புலவரென்று புகழப்பட்டவரும், மரபறிந்தாரை அடைந்தே பொருள் தெளிந்தார் என்பது அச்செய்தியின் கருத்து.

இத்தொடரில் மகளிர்க்குரிய இடத்தைத் தமிழ்ச் சமணரின் கல்வெட்டுகள் உரக்கச் சொல்கின்றன. கழுகுமலையில் மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள் எனப் பெண்பால் ஆசிரியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வந்தவாசிக்கு அருகிலுள்ள விடாலில் முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும், அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரையும் குறிக்கிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூர்ப் பக்கத்தார் ஏற்றனர். ஓர் ஆசிரியர், அவருக்கும் முன் ஓர் ஆசிரியர், அவருக்குப் பின் ஐந்நூறு மாணவியர், அவர்களைத் தாங்கும் ஊரார் என்னும் முழுத்தொடரும் ஒரே கல்லில் காணக்கிடக்கிறது.

குரத்தியர் பள்ளிகள் மறைந்த பின்னும் மகளிர் கற்பித்தல் மறையவில்லை. அது அடுக்களையிலும் கிணற்றடியிலும் தொடர்ந்தது. நீர் வடிகட்டும் வழக்கம் ஒன்றே சான்றாகப் போதும். கெட்டியான துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் இட்டு நீர் வார்ப்பர். பின்னர்த் துணியை முறுக்கிப் பிழிவதில்லை. வடிகட்டிய நீராலேயே மெல்ல அலசி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தனரோ அதே கிணற்றில் கொண்டு விடுவர். எங்கு வாழும் உயிரோ அங்கேயே அது சேரவேண்டும் என்னும் அகிம்சை நுட்பம் இச்செயலில் அடங்கியிருக்கிறது. இதை எந்தச் சிறுமியும் வகுப்பறையில் கற்கவில்லை. பாட்டி அலசும்போது அருகில் நின்று குடத்தைப் பிடித்தாள். ஒருநாள் துணியை முறுக்கினாள். ‘முறுக்காதே அம்மா, உயிர் நோகும்’ என்ற சொல்லைக் கேட்டாள். அந்த ஒரு சொல்லில் அகிம்சையும் கற்றாள், கைப்பக்குவமும் கற்றாள். கீரை ஆய்வது, மாவு சலிப்பது, பொழுது சாயுமுன் சமைத்து உண்டு முடிக்க வேலையை வகுத்துக்கொள்வது என்பனவும் இவ்வாறே வந்தன.

இன்று குழாயில் நீர் வருகிறது, கிணறு இல்லை. துணியில் தங்குவதைக் கொண்டு விடுவதற்கு இடமும் இல்லை. வடிகட்ட வேண்டும் என்ற விதி பல இல்லங்களில் நினைவில் இருக்கிறது; மெல்ல அலசும் அந்தக் கைக்கு வேலை இல்லாமற் போயிற்று. செயல் நின்ற இடத்தில் விதி சிலகாலம் சொல்லாக நிற்கும். பிறகு அச்சொல்லும் மறையும். சுவடிக்கு நேர்ந்ததும் இதுவே. மரபறிவு யாருடைய பிடிவாதத்தாலும் அழிவதில்லை. அது பயன்படும் வேளை இல்லாதொழியும்போது ஓசையின்றி நழுவிவிடுகிறது.

பள்ளிக் கல்வியைக் குறைகூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. இல்லக்கல்விக்கும் குறைகள் உண்டு. ஒரு குடும்பத்தில் மட்டும் தங்கிய அறிவு அக்குடும்பத்தோடு முடிந்துபோகும். தகுதியுடையோர் பலர் கேட்டும் ஏடு தர மறுத்தோரும் முற்காலத்தில் இருந்தனர். அச்சு வந்திராவிடில் சிந்தாமணி ஊரெங்கும் பரவியிராது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் போன்றோர் புதுமுறைக் கல்வியில் உயர்ந்து, அக்கல்வியின் துணைகொண்டே நீலகேசி முதலிய சமண நூல்களைப் பதிப்பித்தனர். ஆகவே இரண்டும் வேண்டும். ஆனால் பள்ளி தரவியலாததைப் பள்ளியே தந்துவிடும் என்று வாளாவிருத்தல் ஆகாது.

கைப்பேசியில் பதிந்து வைத்தால் போதாதா என்று இளையோர் கேட்கலாம். பதிவு செய்தல் நன்று, உடனே செய்யத்தக்கது. எனினும் பதிவும் ஒருவகைச் சுவடியே. கேட்பவர் பிழையாகச் சொன்னால் அது திருத்தாது. புரியாத முகத்தைக் கண்டு வேறொரு வகையில் விளக்காது. மூடபித்ரிச் சுவடியைப் போல அதுவும் பத்திரமாக இருக்கும். திறப்பார் இல்லாமலும் இருக்கும்.

தமிழ்ச் சமணரின் சிற்றூர்களில் இளந்தலைமுறையில் பலர் கல்விக்கும் பணிக்குமாகப் பெருநகரங்களில் வாழ்கின்றனர். ஊரில் முதியோர் இருக்கின்றனர். கிரந்தம் கலந்த ஸ்ரீபுராணத்தைத் தடையின்றிப் படிக்கவல்லவரும், அபிஷேக முறையைப் பிசகாது அறிந்தவரும், நோன்புக் கதைகளை நெஞ்சில் வைத்திருப்பவரும் அவர்களுள் உளர். விழாவுக்கு வரும் பிள்ளைகள் பாட்டனார் காலைத் தொட்டு வணங்கி, உணவருந்தி, மறுநாள் ஊர்தி ஏறிவிடுகின்றனர். பாட்டனார் அறிந்தது பாட்டனாரிடமே இருக்கிறது. தரசேனர் ஓலை விடுத்தார். கேட்டு வந்தோர் இருவர். இன்றைய பெரியோர் பலருக்கு ஓலை விடுக்கவும் தயக்கம். பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று அவர்களே சொல்லிக்கொள்கின்றனர்.

இதற்குப் பெரிய திட்டமோ பெரும்பொருளோ தேவையில்லை. ஒவ்வோர் இல்லத்திலும் வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் ஒரு நூலை வாய்விட்டுப் படிக்கலாம். பெரியவர் படித்துக் காட்டுவதோடு நில்லாமல் சிறியவர் படிக்க, பெரியவர் திருத்த வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளை, ஆலயத்தில் நின்று காண்பதோடு அமையாமல், உபாத்தியாயர் அருகில் இருந்து ஒரு வேலையைத் தன் கையால் செய்யவேண்டும். செய்யும்போது பிழை நேரும். அப்பிழைக்காகக் கடிந்து விலக்காமல் இருப்பது பெரியோர் கடன். சமையலில், நோன்பில், நீர் வடிகட்டலில் ஏன் இப்படி என்று குழந்தை கேட்டால், முன்னோர் செய்தார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாமல் காரணத்தை விளக்கவேண்டும். காரணம் அறிந்த பிள்ளையே, கிணறு இல்லாத வீட்டிலும் அகிம்சைக்கு ஏற்ற வழியைத் தானே கண்டுகொள்ளும்.

ஓர் ஊரில் ஒருவருக்கே தெரிந்த வேலை எதுவோ, அதை இருவருக்காயினும் சொல்லித்தரும் பொறுப்பை ஆலயப் பெரியோர் ஏற்கலாம். தரசேனர் இருவரைத் தேர்ந்தது போலவே இங்கும் இருவர் வேண்டும். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவார். ஒருவர் வேறூர் சென்றாலும் மற்றவர் இருப்பார். சிந்தாமணி படித்து முடித்ததைக் கும்பகோணத்துக் குடும்பங்கள் கொண்டாடியது போல, ஒரு நூலைப் படித்து முடிக்கும் நாளை ஒரு விழாவாகவே கொண்டாடுதலும் நன்று.

வரும் சுருத பஞ்சமியில் ஏட்டுக்குப் புதுத்துணி சுற்றட்டும்; தூபமும் தீபமும் காட்டட்டும். அதன்பின் அந்த ஏட்டிலிருந்து ஓர் இதழையாவது ஒரு சிறுவனோ சிறுமியோ எழுந்து நின்று படிக்கட்டும். தடுமாறிப் படித்தாலும் தாழ்வில்லை. எந்த எழுத்து மிகுந்தது, எந்த எழுத்துக் குறைந்தது என்று சொல்லித்தர வல்ல பெரியோர் இன்று அவையில் இருக்கின்றனர்.

அறம் வளர்க! ஜினசாசனம் வாழ்க!